மூன்றாம் தலைமுறை ஹயபுசா: எதிர்பார்ப்பும் ட்யூனிங்கும் – கேள்வி பதில்

சுசூகி நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய மூன்றாம் தலைமுறை ஹயபுசா மோட்டார் சைக்கிளை வாங்கியவர்களும் வாங்க எண்ணுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்த பல கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை): இரண்டாம் தலைமுறை 2008-இல் வந்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம். கடைசியில் பவர் 197 பிஎஸ்ஸிலிருந்து (குதிரைத்திறன்) 190 ஆகக் குறைந்திருக்கிறது. டர்போ (புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம்) வரும் என்றார்கள், 1,400 சிசிக்கு மேல் வரும் என்றார்கள். எதுவும் வரவில்லையே?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது; ஆனால் அதற்கு நீங்கள் காட்டும் காரணம் சரியல்ல. டர்போ, ஆறு சிலிண்டர், கூடுதல் கொள்ளளவு ஆகிய மூன்றையுமே முன்மாதிரிகளாகச் செய்து பார்த்த பிறகுதான் பழைய 1,340 சிசி எஞ்சினுக்கே திரும்பியதாகச் சுசூகியே கூறியிருக்கிறது. முன்பு 9,500 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சி) 197 பிஎஸ், 7,200-இல் 155 என்எம் டார்க் (சுழற்றும் விசை). இப்போது 9,700-இல் 190 பிஎஸ், 7,000-இல் 150 என்எம். இந்த இழப்புக்கு முதன்மையான காரணம் யூரோ 5 என்ற ஐரோப்பிய மாசு விதி. எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குள் போகாமலிருக்க, உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளியை, வால்வுகளைத் திறக்கும் புதிய கேம் ஷாஃப்ட் குறைக்கிறது. காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியின் விட்டமும் 44 மி.மீ.இலிருந்து 43 மி.மீ. ஆகியிருக்கிறது. உச்ச வேகச் சுழற்சியில் எஞ்சினின் மூச்சு சற்றுக் குறைவது இவற்றால்தான். ஆனால் இதே மாற்றங்கள், காற்று செல்லும் பாதை நீண்டதோடு சேர்ந்து, நடு ஆர்பிஎம்மில் பழைய எஞ்சினைவிடக் கூடுதல் டார்க்கைத் தருகின்றன. நான்காம் கியரில் 80 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது த்ராட்டிலைத் திருகிப் பாருங்கள்: எந்த வண்டி புதியது என்று முதுகே சொல்லிவிடும். 9,500 ஆர்பிஎம்மை ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் நாம் எத்தனை நொடிகள் தொடுகிறோம் என்று நேர்மையாகக் கணக்கிட்டால், அந்த ஏழு பிஎஸ்ஸைப் பற்றிய சண்டையே அடங்கிவிடும்.

கேள்வி (மதுரை): எடை ஏன் குறையவில்லை?

பதில்: 266 கிலோ 264 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். முதன்மை அலுமினியச் சட்டகத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதிவேகத்தில் அசையாமல் நிற்பது இந்த வண்டியின் அடையாளம் என்பதால் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இலேசான வண்டி வேண்டுமென்றால் இது உங்கள் வண்டியே அல்ல.

கேள்வி (கோயம்புத்தூர்): முதல் வேலையாக ஸ்லிப்-ஆன் சைலன்சர் மாட்ட நினைக்கிறேன். எவ்வளவு பவர் கூடும்?

பதில்: உங்கள் காதுக்கு நிறையக் கூடும், பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் கூடாது. புகையின் ஓட்டத்தை நெரிப்பவை சைலன்சருக்கு முன்னாலுள்ள குழாயும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகளும். நீங்கள் மாற்றப்போவது அதற்குப் பின்னாலுள்ள கடைசிப் பகுதியை மட்டுமே. இரண்டு பெரிய சைலன்சர்களின் எடை குறையும் என்பது உண்மையான பயன். அதற்காக மட்டும் அவ்வளவு பணம் தரலாமா என்பது உங்கள் முடிவு. முழு எக்ஸாஸ்ட் மாற்றினால் பவர் கூடும். ஆனால் வினையூக்கி மாற்றி இல்லாத குழாய் சாலைக்குரியதல்ல, ஈசியு என்ற எஞ்சின் கணினியின் மேப்பை (அதிலுள்ள அளவுப் பட்டியல்களை) திருத்தாமல் அதை மாட்டுவது அரைகுறை வேலையும்கூட. ஒலிக்காக மட்டுமே சைலன்சர் வாங்குகிறவர் "பவருக்காக" என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒலிக்காக வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கேள்வி (பெங்களூரு, மேலும் சிலர்): ஈசியுவை ஃப்ளாஷ் செய்தால் (புதிய மேப்பை எழுதினால்) உண்மையில் என்ன மாறுகிறது? கணினிக் கோப்பாக வரும் மேப் போதுமா, டைனோவில் (சக்கரத்தின் பவரை அளக்கும் உருளை மேடையில்) ஏற்ற வேண்டுமா?

பதில்: பழைய ஹயபுசாவில் கைப்பிடிக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் இடையே கேபிள் இருந்தது. இதில் கேபிள் கிடையாது. கையின் திருகலை ஈசியு படித்து, எந்தக் கியரில், எந்த ஆர்பிஎம்மில், எந்த மோடில் இருக்கிறோம் என்று பார்த்துத் தகட்டை எவ்வளவு திறப்பது என முடிவு செய்கிறது. ஆகவே நீங்கள் முழுவதும் திருகினாலும் கீழ்க் கியர்களில் தகடு முழுவதும் திறக்கும் என்ற உறுதி இல்லை. ஃப்ளாஷ் செய்யும்போது பெட்ரோல் அளவு, தீப்பொறி நேரம் ஆகிய பட்டியல்களோடு இந்தத் தகடு திறப்புப் பட்டியலும் திருத்தப்படுகிறது. "வண்டியே மாறிவிட்டது" என்று ஃப்ளாஷ் செய்தவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்த மூன்றாவது பட்டியலால் வருவது. அது உச்ச பவரைக் கூட்டுவதல்ல, இருக்கும் பவரை முன்கூட்டியே கையில் கொடுப்பது. அந்தக் கட்டுப்பாடுகளை எல்லாம் ஒரே மூச்சில் நீக்கச் சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் இரண்டு கியர்களில் தொழிற்சாலை வைத்த தடை, 150 என்எம் டார்க் ஈரச் சாலையில் டயரைச் சுழற்றிவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது. டிராக்ஷன் கன்ட்ரோலில் பத்து நிலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அது வழுக்கல் தொடங்கிய பின் வேலை செய்வது.

கோப்பாக வரும் மேப், எந்த மாற்றமும் இல்லாத வண்டிக்கும் பெயர்பெற்ற எக்ஸாஸ்ட் மாட்டிய வண்டிக்கும் ஓரளவு பொருந்தும். அதைத் தயாரித்தவரின் ஊர்ப் பெட்ரோலும் வெப்பமும் உங்களுடையவை அல்ல என்பதால், முடிந்தால் டைனோவில் ஏற்றிச் சரிபார்ப்பதே நல்லது. அங்கே போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மேப் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே டைனோவில் எடுத்த வரைபடங்கள் வேண்டும். இரு வேறு டைனோக்களின் எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வெப்பத் திருத்தக் காரணி என்ன என்று கேளுங்கள், ஏனெனில் சித்திரை வெயிலில் எடுத்த அளவைக் குளிர்ந்த காற்றின் கணக்குக்கு மாற்றும்போது அந்தக் காரணியைக் கொஞ்சம் ஏற்றி வைத்தாலே தாளில் பல பிஎஸ் முளைத்துவிடும். மூன்றாவது, வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் காட்டிய லாம்டா கோடு; பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே லாம்டா, 1-க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் கூடுதல். அந்தக் கோடு இல்லாத வரைபடத்தை நான் ட்யூனிங் என்றே ஏற்க மாட்டேன். இன்னொன்று: 190 பிஎஸ் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. டைனோ சக்கரத்தில் அளப்பதால் எண் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

கேள்வி (திருச்சி): இப்போது பெட்ரோல் பங்க்குகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. ட்யூன் செய்த வண்டிக்கு இது ஆபத்தா?

பதில்: இங்கே வந்த கேள்விகளில் நான் மிகவும் வரவேற்பது இதைத்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைவான காற்றே போதும். கலப்பில்லாத பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், பத்து சதவீதக் கலப்புக்கு 14.1-ஐ ஒட்டியும், இருபது சதவீதக் கலப்புக்கு 13.5-ஐ ஒட்டியும் அது இறங்குகிறது. சீரான வேகத்தில் போகும்போது புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் முழு த்ராட்டிலில் பெரும்பாலும் அந்தச் சென்சாரைக் கேட்காமல் பட்டியலில் எழுதிய அளவையே தெளிக்கும். பத்து சதவீதக் கலப்பில் 0.88 லாம்டாவுக்கு ட்யூன் செய்த வண்டி, இருபது சதவீதக் கலப்பில் 0.92-ஐ நெருங்கும். எத்தனாலுக்கு நாக்கிங்கை (கலவை தீப்பொறியின்றித் தானே வெடிப்பதை) தாங்கும் குணம் கூடுதல் என்பதால் உடனே எஞ்சின் சிதைந்துவிடாது; ஆனாலும் நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் ஓட்டுபவருக்கு அது தேவையற்ற வெப்பம்.

எனவே எந்தப் பெட்ரோலை வழக்கமாக நிரப்புகிறீர்களோ அதைக் கொண்டே ட்யூன் செய்யச் சொல்லுங்கள். ட்யூனரிடம் காற்று-எரிபொருள் விகித எண்ணில் பேசாமல் லாம்டாவில் பேசுங்கள். கலப்பு மாறினால் அந்த எண்ணின் பொருள் மாறிவிடும், லாம்டாவின் பொருள் மாறாது. நாக்கிங்கை அதிகம் தாங்கும் நூறு ஆக்டேன் பெட்ரோலைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். 12.5-க்கு 1 என்ற அழுத்த விகிதமுள்ள இந்த எஞ்சினுக்குக் கையேட்டில் குறித்த ஆக்டேன் இருந்தால் போதும். தீப்பொறி நேரத்தை அதற்கேற்ப முன்னகர்த்தாமல் நூறு ஆக்டேனை நிரப்புவது வீண் செலவு.

கேள்வி (பினாங்கு, மலேசியா): சங்கிலியை இழுக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) ஒரு பல்லைக் குறைக்கலாமா?

பதில்: தாராளமாக. 18-க்குப் பதில் 17 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குச் செல்லும் இழுவை ஏறக்குறைய ஆறு சதவீதம் கூடும். இந்த வண்டியில் இதைவிட மலிவாக வேகத்தை உணரவைக்கும் மாற்றம் வேறில்லை. நெடும்பயணத்தில் ஆர்பிஎம் அதே விகிதத்தில் ஏறும், சங்கிலியின் தேய்மானமும் சற்றுக் கூடும்.

கேள்வி (ஓசூர்): 299 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டை நீக்க முடியுமா?

பதில்: முடியும். 1999-இல் வந்த முதல் ஹயபுசா 300-ஐத் தாண்டிய பிறகு, தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் எச்சம் அது. நம் விரைவுச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 299-இல் பாதிகூட இல்லை. பந்தயத் திடலுக்கு வெளியே அந்தக் கட்டுப்பாட்டை நீக்குவது பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி (சேலம்): இரண்டு லட்சம் வரை செலவழிக்கலாம். எஞ்சினில் செலவழிப்பதா, சஸ்பென்ஷனிலா?

பதில்: முதலில் செலவே இல்லாத வேலையைச் செய்யுங்கள். முன்னும் பின்னும் உள்ள கேஒய்பி சஸ்பென்ஷனில் ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் முன்னழுத்தம்), கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகம்), ரீபவுண்ட் (மீண்டெழும் வேகம்) மூன்றையும் திருத்தலாம். ஆனால் தொழிற்சாலை அமைப்பை ஒருமுறைகூடத் தொடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர்கள் ஏராளம். ஹெல்மெட், ஜாக்கெட் அணிந்து நீங்கள் அமரும்போது முன் ஃபோர்க் 30 முதல் 35 மி.மீ. வரை இறங்குகிறதா என்று இருவர் உதவியோடு அளந்து ப்ரீலோடைச் சரிசெய்யுங்கள். அதன்பின் ரீபவுண்டை ஒவ்வொரு க்ளிக்காக மாற்றி, ஒவ்வொன்றையும் குறித்துவைத்துக்கொண்டு, தெரிந்த ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நான்கைந்தை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும்.

பிரெம்போ ஸ்டைலெமா பிரேக் காலிப்பர்களும் 320 மி.மீ. டிஸ்க்குகளும் குறைசொல்ல இடமில்லாதவை. லீவர் மெத்தென்று இருந்தால் புதிய திரவம் ஊற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள், அப்படியும் திருப்தி இல்லையென்றால் ஸ்டீல் பின்னல் குழாய் போடுங்கள். பின்டயர் தேய்ந்ததும் 190/50 அளவுக்குப் பதில் பக்கச்சுவர் உயரமான 190/55 போடுபவர்கள் பலர். பின்பகுதி ஏறக்குறைய 9.5 மி.மீ. உயர்வதால் வளைவில் வண்டி விரைவாகச் சாயும். முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டே டிராக்ஷன் கன்ட்ரோல் இயங்குவதால், டயரை மாற்றிய பின் அதன் நடத்தையைத் திறந்த வெளியில் நிதானமாகச் சோதித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பணம் மீதமிருந்தால் ஈசியுவைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (டொரன்டோ): டர்போ கிட் பற்றி உங்கள் கருத்து?

பதில்: ஹயபுசா எஞ்சினின் வலிமைக்கு டர்போவே சான்று, குறுகிய நேர்க்கோட்டில் ஓடும் இழுவைப் பந்தய (டிராக் ரேஸ்) உலகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதை நம்பியிருக்கிறது. ஆனால் கிட்டின் விலை முழுச் செலவல்ல. 12.5 அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும், கிளட்ச்சை வலுப்படுத்த வேண்டும், பூஸ்டை (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை) கூட்டினால் கனெக்டிங் ராடையும் மாற்ற வேண்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மை நீட்டாமல் அந்தப் பவரைச் சாலையில் இறக்கவும் முடியாது. நீட்டினால் வளைவுகளில் வண்டி மந்தமாகும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதற்கான இடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நடத்தும் இழுவைப் பந்தயம். கிழக்குக் கடற்கரைச் சாலை அல்ல.

கேள்வி (புதுச்சேரி): இந்த மாற்றங்களால் சட்டத்திலும் வாரன்ட்டியிலும் சிக்கல் வருமா?

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சஸ்பென்ஷனைத் திருத்துவதோ, பிரேக் பேட், டயர் மாற்றுவதோ பொதுவாகச் சிக்கலாவதில்லை. எக்ஸாஸ்டும் மேப்பும் சிக்கலாகும். எஞ்சின் பழுது என்று வாரன்ட்டி கேட்கும்போதும், விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளர் வரும்போதும் அவை கேள்விக்குள்ளாகும். மேப்பை மாற்றுவதற்கு முன் தொழிற்சாலைக் கோப்பைப் பிரதியெடுத்து வைக்குமாறு ட்யூனரிடம் கேளுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கழற்றிய எக்ஸாஸ்டையும் ஸ்ப்ராக்கெட்டையும் துணி சுற்றிப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.