கயாக்கில் விரிசல், கசிவு: எந்தப் பசை, எந்த சீலண்ட் வாங்குவது?

துடுப்பு போடும் சின்னப் படகான கயாக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். அடியில் விரிசல், கைப்பிடி போல்ட் வழியாகவும் கசிவு. ஹார்ட்வேர் கடையில் சிலிக்கான், அரால்டைட், எம்-சீல் மூன்றையும் காட்டுகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மூன்றுமே வேண்டாம். படகு எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் முக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். ஏபிஎஸ், பிவிசி என்ற மற்ற இரண்டு பிளாஸ்டிக்கும் மூழ்கிவிடும். உள்பக்கம் நார் நாராகத் தெரிந்தால் ஃபைபர் படகு.

வாடகைக்கு விடப்பட்டு கைமாறி வரும் கயாக் என்றால் பெரும்பாலும் பாலிஎத்திலீனாகத்தான் இருக்கும். அதன் மேல்பரப்பு மெழுகு மாதிரி. அப்படியே தடவினால் எந்தப் பசையும் அதில் ஊன்றிப் பிடிக்காது. அரால்டைட் தடவினால் அன்றைக்கு ஒட்டியது போல இருக்கும், படகு இரண்டு முறை வளைந்து கொடுத்ததும் தகடாகப் பெயர்ந்து வரும். இதற்குச் சரியான வழி வெல்டிங். மொட்டைமாடித் தண்ணீர் டேங்கும் இந்தக் கயாக்கும் ஒரே முறையில், அச்சைச் சுழற்றி வார்க்கப்படுபவை. அதனால் டேங்க் வெல்டிங் செய்பவரையே கூப்பிடலாம். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரிசல் மேலும் ஓடும். வெல்டிங் கம்பியும் பாலிஎத்திலீனாகவே இருக்க வேண்டும். சில கயாக்குகள் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனில் வந்தவை, அவை உருகாது. அவற்றுக்கு மட்டும் கேஸ் டார்ச் தீயை மேலாக வேகமாக ஓட்டிவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல், வளையும் தன்மையுள்ள எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து இறுக வைக்கும் பசை) பூசலாம். வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் ஜி ஃப்ளெக்ஸ் அந்த வகை. தீ பட்ட இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் பதம் சரி.

ஃபைபர் படகு என்றால் கவலையே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) அதை ஊறவைத்து இறுகும் பிசினான ரெசினும் வைத்து வேலை செய்பவர்கள் மீனவ ஊர்களில் கிடைப்பார்கள். ஒரே நிபந்தனை: அவரிடம் கொடுப்பதற்கு முன் நீங்களாக எம்-சீல் அப்பி வைக்காதீர்கள். அது எபாக்ஸி. அவர் பூசுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். இறுகிய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியஸ்டர் அப்படிப் பிடிக்காது. நீங்களே ரெசின் கலப்பதாக இருந்தால் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் அடுத்தது.

இனி போல்ட் கசிவு. சிலிக்கான் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனாலும் படகுப் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை தடவினால் அதன் எண்ணெய்ப் படலம் எளிதில் போகாது. பிறகு அந்த இடத்தில் பெயிண்ட், எபாக்ஸி, வேறு சீலண்ட் எதுவும் ஒட்டாது. காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் உலோகத்தையும் அரிக்கும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள போல்ட்டுக்கு பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப் போதும். அது இறுகவே இறுகாது, போல்ட் தலையைச் சுற்றி உருட்டி வைத்து முடுக்கினால் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். நாளைக்குக் கழற்றவும் முடியும். ஃபைபர் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரித்தேன் சீலண்ட் வாங்குங்கள். 3எம் 5200 இன்னும் பலமானது, ஆனால் கழற்றும்போது படகின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். திரும்பக் கழற்ற நினைக்கும் எதற்கும் அது வேண்டாம். இவை காற்றின் ஈரத்தை இழுத்து மேலிருந்து உள்ளே மெதுவாக இறுகுபவை. மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே தண்ணீரில் இறக்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

காற்றடைக்கும் பிவிசி கயாக்குக்கு இரண்டு பகுதிகளாக வரும் பாலியூரித்தேன் பசைதான். பிளம்பர் வைத்திருக்கும் பைப் சொல்யூஷன் விறைப்பான குழாய்க்கானது, வளையும் துணிக்கு ஆகாது.

எபாக்ஸி எதைத் தொட்டாலும் கையுறை போடுங்கள். தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க இருக்கக்கூடியது, அதன் பிறகு எபாக்ஸி வேலையையே விட வேண்டியிருக்கும்.