ஏமி ஷெரால்டின் உருவப்படங்களில் கறுப்பினப் பெண்களின் தோல் ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது?

சாம்பலின் வெளிர், அடர் சாயல்களை மட்டும் வைத்து உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும் பழைய ஐரோப்பிய முறைக்கு கிரிசாய் என்று பெயர். பெரும்பாலும் அது அடிப்பூச்சுதான். மேலே நிறம் ஏறிவிடும். அமெரிக்க ஓவியர் ஷெரால்ட் தோலை மட்டும் அந்தச் சாம்பலிலேயே விட்டுவிடுகிறார். உடையும் பின்னணியும் முழு வண்ணம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் சாம்பல் நீலம் பாய்ந்து உயிரற்றுப் போகும். அவர் கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சளைச் சேர்ப்பதால் அதில் ஓர் இளஞ்சூடு தங்குகிறது.

எதற்காக இப்படி? கறுப்பினப் பெண்ணின் படம் என்றாலே பலர் முதலில் தோலைப் பார்த்து, மீதியை ஊகித்துவிடுகிறார்கள். அந்த முதல் படியை எடுத்துவிட்டால் பார்வை கண்ணுக்கும், நிற்கும் தோரணைக்கும், உடைக்கும் போகிறது. பழைய ஸ்டூடியோ கறுப்பு வெள்ளைப் படத்தில் பாட்டி சிவப்பா மாநிறமா என்று யாரும் கேட்பதில்லை, புடவைக் கரையைத்தான் பார்க்கிறோம். அது மாதிரி.

2018இல் வாஷிங்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் ஷெரால்ட் வரைந்த மிஷெல் ஒபாமாவின் படம் திறக்கப்பட்டபோது ‘ஜாடையே இல்லையே’ என்று பலர் சொன்னார்கள். நிறத்தை வைத்தே ஆளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

சாம்பல் பூசி இனத்தை மறைக்கிறார் என்பது தவறான புரிதல்: அவர் வரையத் தேர்ந்தெடுப்பவர்கள் கறுப்பின அமெரிக்கர்களே, சிகை, மூக்கு, உதடு எதையும் அவர் மழுப்புவதில்லை.