வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: சுட்ட அன்றே துடைக்க வேண்டிய துப்பாக்கி

கேள்வி: தந்தையாருக்குப் பின் என் பெயரில் உரிமம் பெற்ற 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை ரைஃபிள் கிளப்பில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறேன். ஐப்பசி மழைக்குப் பின் குழலுக்குள் சிவந்த புள்ளிகள் தெரிகின்றன. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பூசித் தோலுறையில் வைப்பதுதான் வழக்கம். இது சரியா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் துப்பாக்கியைக் கெடுப்பது வெடிமருந்துக் கரியைக் காட்டிலும் ஈரமும் கைவியர்வையும்தான். இக்காலத் தோட்டாக்களின் கரி முன்போல் இரும்பை அரிப்பதில்லை. பழைய தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பற்றுமருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகக் குழலில் படிந்ததால்தான், அக்காலத்தவர் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். ஆனால் கடற்காற்று வீசும் ஊரில், விரல் பட்ட இடத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், சுட்ட அன்று மாலையே துடைத்துவிடுங்கள்.

முதலில் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழல்களின் பின்முனையிலுள்ள தோட்டா அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் அமர்ந்து துடைக்கும் வீட்டறையிலும் தோட்டாக்களே இருக்கக் கூடாது. பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, வாய்ப்பகுதி செய்தித்தாளில் ஊன்றியிருக்கும்படி நிறுத்தி, சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) தோய்த்த வெண்கலத் தூரிகையை எப்போதும் தோட்டா நுழையும் பக்கத்திலிருந்தே செலுத்துங்கள். வாய்ப்பக்கமிருந்து தள்ளினால் அழுக்கெல்லாம் பின்புறம் வந்து சேரும். பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தபின் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள்: தோட்டா அறையை அடுத்துக் குழல் குறுகும் இடத்திலும், வாயருகே சோக் எனப்படும் குறுகலான பகுதி தொடங்கும் இடத்திலும் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால், அவை தோட்டாவிலுள்ள பிளாஸ்டிக் கிண்ணமும் ஈயமும் உரசி விட்டுச்சென்ற படிவுகள். பலரும் இவற்றைக் கவனிப்பதில்லை. இந்தப் படிவுக்கு அடியில்தான் ஈரம் தங்கித் துரு வளர்கிறது. ஃபிளானல் துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை துடைத்து, அதன்பின் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள்.

வெற்றுக்கூட்டை வெளித்தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் அடியிலும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி வெளிவரும் துளைகளைச் சுற்றியும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, குழல் மடங்கும் கீலில் துளி கிரீஸ் வையுங்கள்.

தேங்காய் எண்ணெயைக் கைவிட்டுவிடுங்கள். வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறைந்து ஊசியையும் வில்லையும் மந்தமாக்கும். நல்லெண்ணெயோ நாளடைவில் பிசினாகிவிடும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், அது கொண்டு செல்வதற்கு மட்டுமே ஏற்றது. வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து பின்கட்டையின் மரத்தை ஊறவைத்து மென்மையாக்கிவிடும்.

இப்போது தெரியும் புள்ளிகள் மேலோட்டமானவை என்றால், எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சைத் தூரிகையில் சுற்றித் தேய்த்தாலே போய்விடும், உப்புத்தாள் வேண்டாம். தேய்த்தும் குழி தெரிந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் காட்டிக் கருத்துக் கேட்கும்வரை சுடாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் பூசிய குழலோடு அப்படியே சுடலாமா? – அதே வாசகர்

பதில்: கூடாது. உலர்ந்த துணியை ஒருமுறை செலுத்தி எண்ணெயை நீக்கிவிட்டு, தோட்டா இடுவதற்கு முன் பின்பக்கமிருந்து இரு குழல்களின் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மறந்துவிட்ட ஒரு துண்டுத் துணியோ, தவறி நுழைந்து 12 போர் குழலில் தோட்டா அறையைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும், அதைவிடச் சிறிய 20 போர் தோட்டாவோ இருக்கும்போது சுட்டால், அது குழலையே வெடிக்கச் செய்துவிடும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதும் இந்த ஆபத்து கருதியே. துடைக்கும் வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்யாமல், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுங்கள். துணியில் படிந்திருக்கும் ஈயம் குழந்தைகளுக்கு மிகுந்த தீங்கு செய்யக்கூடியது.