அம்மாவின் அடையாள அட்டையைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அம்மா பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில். உண்மையில் 73 வயது, அடையாள அட்டையில் 1958ஆம் ஆண்டு பிறந்ததாக இருக்கிறது. முன்பு வெல்லாவெளிப் பக்கம் இருந்தவர், இப்போது என்னோடு. தம்பிக்கு 41 வயது, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் இருவரையும் பதிந்து தருவதாக ஒருவர் 15,000 ரூபாயும் அம்மாவின் அடையாள அட்டையும் கேட்கிறார். கொடுக்கலாமா?"

தங்கச்சி, கொடுக்க வேண்டாம். அட்டையை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள்.

அந்த ஆள் சொல்வது போல, அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு பராமரிப்பாளரைத் தினமும் வீட்டுக்கு அனுப்பும் திட்டம் நம் நாட்டில் கிடையாது. இருப்பது மாதக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி போன்ற உபகரண உதவி, சில இடங்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் பொதுச் சுகாதாரத் தாதி. வீட்டுப் பராமரிப்புக்கு என்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை வைத்துக்கொண்டால் கூலி உங்கள் கையிலிருந்துதான் போகும். இல்லாத திட்டத்துக்குத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள். இருக்கும் உதவிகளுக்கோ விண்ணப்பக் கட்டணமே இல்லை.

இந்தத் தரகர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். முதலில் 'படிவச் செலவு' என்பார்கள். பிறகு வங்கிப் புத்தகம், கடைசியில் ஏ.டி.எம். கார்டும் அதன் இரகசிய இலக்கமும். கொடுப்பனவு வரத் தொடங்கியதும் மாதா மாதம் எடுப்பது அவர்கள்தான். கிழவிக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ வரும், "அவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள்" என்ற பேச்சோடு. சில இடங்களில் கடன் கொடுத்தவரே கார்டை ஈடாக வைத்திருக்கிறார். அம்மாவால் வங்கிக்குப் போக முடியாது என்றால் வங்கி முகாமையாளரிடமே நேரில் பேசுங்கள். வெளியாள் ஒருவருக்கும் கார்ட் வேண்டாம், உறவுக்காரராக இருந்தாலும் யோசித்துக் கொடுங்கள். காசு கேட்பவர் அரசாங்க உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவு 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கானது 7,500இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. முதியோருக்கானதற்கு 70 வயது நிறைந்திருக்க வேண்டும், வருமானமும் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அலுவலகம் அட்டையைத்தான் பார்க்கும், அட்டையில் அம்மாவுக்கு எழுபது ஆகவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் 1978 சூறாவளியில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகு இடப்பெயர்வு, பிறகு சுனாமி. கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், வாயால் சொன்ன ஆண்டையே அட்டைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. பழைய அட்டையில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஆண்டைத் திருத்தினால் எண்ணும் மாறும். அம்மா எந்த ஊரில் பிறந்தாரோ அந்தப் பிரிவுப் பதிவாளரிடம் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பெயரில் எழுத்து வேறுபட்டிருக்கலாம், தாத்தாவின் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பதிவு கிடைத்தால் அதை வைத்து, கிராம உத்தியோகத்தர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பலாம். பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேளுங்கள். எண் மாறினால் வங்கிக் கணக்கிலும் மாற்ற வேண்டிவரும், அதனால் புதுக் கணக்கு திறப்பதைத் திருத்தம் முடியும் வரை தள்ளிப் போடுங்கள்.

இதற்கெல்லாம் மாதக் கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அம்மாவுக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கிடைக்குமா என்று சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் நேராகவே கேளுங்கள். அங்கே முக்கியம் இயலாமைக்கான அரச வைத்தியரின் சான்று. வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கான முதியோர் அடையாள அட்டை அம்மாவுக்கு இப்போதே கிடைக்கும். தம்பிக்குத் தனி விண்ணப்பம், ஒரே வீடு என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க விடாதீர்கள். செயற்கைக் கால் பற்றியும் அதே நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? வெல்லாவெளியில் கொடுத்துப் பயனில்லை, அது போரதீவுப்பற்று என்ற வேறு பிரதேச செயலகப் பிரிவு. இப்போது இருக்கும் இடத்தில் கிராம உத்தியோகத்தரிடம் அம்மாவைப் பதிந்து, வதிவுச் சான்றிதழ் எடுத்து, களுவாஞ்சிகுடியில் உள்ள மண்முனை தென் எருவில்பற்று பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

"ஆளை நேரில் கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் பணிந்துவிடாதீர்கள். ஒரு அலுவலகத்தில், பாரிசவாதம் வந்த ஐயா ஒருவரைக் கதிரையோடு தூக்கி வந்த மகனிடம் "பொறுப்பானவர் இன்று லீவு" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்றாவது முறை வந்தபோதும் அதே பதில். படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு உத்தியோகத்தர் போவதுதான் முறை. அதற்குத்தான் ஊருக்கு ஊர் ஆட்களை வைத்திருக்கிறார்கள். எத்தனை வருடம் சொன்னாலும் இது ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

எதைக் கொடுத்தாலும் போட்டோ கொப்பி எடுத்து, வாங்கியவரின் பெயர், திகதி, கையெழுத்தை அந்தப் பிரதியிலேயே வாங்குங்கள். "காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது" என்று மாதங்கள் போனால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பட்டியலில் அம்மாவும் தம்பியும் எத்தனையாவது இடம் என்று எழுதிக் கேளுங்கள். அந்தத் தகவலைக் கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் போதும். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும பற்றிய முறைப்பாடு என்றால் 1924க்கு அழையுங்கள்.

தம்பியின் விண்ணப்பத்தில் வயதுச் சிக்கல் எதுவும் இல்லை. முதலில் அதைக் கொடுத்துவிட்டு, அதே பயணத்தில் அம்மாவின் பதிவைத் தேடத் தொடங்குங்கள்.