தொண்டாற்றச் செல்லும் மகள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகள், நவம்பரில் தமிழ்நாட்டின் பிச்சாவரத்தை அடுத்த மீனவக் கிராமத்தில், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திச் செடி நடும் தொண்டுக்குத் தோழியருடன் செல்லவிருக்கிறாள். அந்த ஊருக்கு இதனால் பயனுண்டா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, அம்மா. ஆனால், பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால், தம் படகையும் வலையையும் காக்க வேண்டிய ஊரார் விருந்தினரின் பொறுப்பையும் சுமக்க நேரும்.

நாற்றைச் சேற்றில் ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. பிச்சாவரத்தில் சிதைந்த அலையாத்திக் காடு மீண்டதோ, மீன்முள் வடிவில் கிளைக்கும் கால்வாய்களை வெட்டி, கடலின் ஓதநீர் ஏறியிறங்க வழிசெய்து, உப்பு மிகுந்து கிடந்த நிலத்தில் அவற்றின் கரையோரம் நட்டதனால்தான். இன்று அக்கால்வாய்கள் தூர்ந்திருந்தால், புதுச் செடியைவிட மண்வெட்டி பிடிக்கும் கைகளே அங்கு தேவை. எது வேண்டுமென்று கிராமத்தாரிடம் முன்கூட்டியே கேட்காத குழுவோடு மகளை அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

புறப்படுமுன் தைப்பிங்கிற்கு அப்பாலுள்ள மாத்தாங் அலையாத்திச் சதுப்புக் காட்டைப் பார்த்து வரட்டும். சேற்றிலிருந்து விரல் நீளத்திற்கு நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களை மிதித்துவிடாமல் நடக்க அவள் பழக வேண்டும். விசாவைப் பொறுத்தவரை, இந்தியாவின் மின்-சுற்றுலா விசா ஊதியமற்ற தொண்டை ஒரு மாதம் வரை அனுமதிக்கிறது.