பதில்: யோஷிதா 'பாய்மரப் படகுகள்' அச்சு, இடது ஓரத்தில் முத்திரை இல்லை, போலியா?

வணக்கம். உங்கள் அச்சில் பென்சில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் ஓரத்தில் முத்திரை இல்லை, நிறமும் மாறியிருக்கிறது, போலியா என்று கேட்டிருந்தீர்கள். முத்திரை இல்லை என்பதற்காக உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கலைஞர் ஹிரோஷி யோஷிதா 1925இல் சொந்தப் பட்டறை தொடங்கி, தன் நேரடி மேற்பார்வையில் அச்சான தாள்களின் இடது ஓரத்தில் 'ஜிஸுரி' (தானே அச்சிட்டது) என்ற முத்திரையை வைத்தார். அவர் 1950இல் இறந்த பிறகும் குடும்பத்தார் அதே மரக்கட்டைகளில் அச்சிட்டார்கள், அவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது, விலையும் நன்றாகவே குறையும்.

நீங்கள் சொல்லும் பென்சில் கையெழுத்தை லென்ஸில் பாருங்கள். பென்சில் என்றால் வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக மினுக்கும், அழுத்தம் கூடிக் குறையும். பிற்கால அச்சுகளில் பென்சில் மாதிரியே தெரியும் ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து இருக்கும், அது ஒரே சீராக, உயிரில்லாமல் கிடக்கும். அப்புறம் தாளைத் திருப்புங்கள். மை பின்பக்கம் ஊறி வந்து, அச்சிடும்போது தாளின் முதுகைத் தேய்த்த வளையத் தடங்கள் தெரிந்தால் அது கையால் அச்சிட்டதுதான். வானத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது இயந்திரத்தில் அச்சடித்த ஆஃப்செட் போஸ்டர்.

நிறம் மாறியிருக்கிறதே என்ற கவலையை விடுங்கள். 1926இல் வந்த அந்தப் படத்தையே காலை, மாலை, இரவு, மூடுபனி என்று நிறம் மாற்றி மாற்றி அச்சிட்டவர் அவர்தான் (என்னைக் கேட்டால் மூடுபனிதான் அழகு). ஃபிரேம் போடுபவர் ஓரத்தை வெட்டவோ அட்டையில் ஒட்டவோ விடாதீர்கள். பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.