கத்தி இல்லாத வட சென்னை: ஒரு கார்ட்டூனிஸ்டிடம் கேள்வி பதில்

ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இப்போது மூன்று வேலைகளில் இருக்கிறேன்: கேரம் கிளப் படங்கள், எண்ணூர் படங்கள், அடுத்த வருடத்துக்கான மாதக் காலண்டர். மூன்றிலிருந்தும் சில படங்களைக் காட்டி, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அக்கா, கேரம் படத்துல ஒரு வசனம்கூட இல்ல, ஆனா பார்த்த உடனே சிரிப்பு வந்துடுச்சு. அது எப்படி?

யார் மனதில் என்ன ஓடுகிறது என்பது உடம்பிலேயே தெரிய வேண்டும், தம்பி. நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். ரெட்டு பாக்கெட் ஓரத்தில் நிற்கிறது, ஆடுகிறவர் ஸ்ட்ரைக்கரை வைத்து விரலை மடக்கிவிட்டார். அவர் முகத்தை நான் வரையவே இல்லை, முதுகுதான் தெரியும். சுற்றி நிற்கிற ஐந்து பேரில் நாலு பேர் காய் போக வேண்டிய பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். டீ கிளாஸ் வைத்திருப்பவர் கிளாஸோடு சாய்ந்ததில் டீ பக்கத்து ஆள் சட்டையில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. சட்டைக்காரருக்கு அது தெரியவில்லை, அவரும்தான் சாய்ந்திருக்கிறாரே. எதிர் டீம்காரர் ஒருத்தர் மட்டும் மறுபக்கம் சாய்கிறார். அவ்வளவுதான் ஜோக். முதலில் ஆறு பேருக்கும் முதுகுத்தண்டுக்கு ஆளுக்கு ஒரு கோடு போட்டேன், அந்த ஆறு கோட்டிலேயே சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன், அதற்கப்புறம்தான் முகம், சட்டை, தலைக்கு மேலே தொங்குகிற பல்பு எல்லாம்.

இதைப் பழகக் கோபுலு வரைந்த வசனமில்லாத ஜோக்குகளைத் தேடிப் பாருங்கள். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி கொண்டுவந்த தலைமுறையில் வளர்ந்தவர், 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். ஒரு கல்யாண வீட்டை வரைந்தால் பந்தி பரிமாறுகிறவர் குனிகிற விதத்திலேயே அவருக்கு இடுப்பு வலி என்று தெரிந்துவிடும். ஆர்.கே. லக்ஷ்மணின் கட்டம் போட்ட கோட்டு மனிதரும் வாயைத் திறப்பதில்லை, ஆனால் அவர் எங்கே பார்க்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கும். இன்னொன்று, கேரம் கிளப்பை வரைய வேண்டும் என்றால் அங்கே போய் நில்லுங்கள். போட்டோ பார்த்து வரைந்தால் விரல் சரியாக வரும், சாய்வு வராது.

வியாசர்பாடியிலிருந்து: உங்க படத்துல ஒரு ரவுடிகூட இல்லையே அக்கா? நம்ம ஏரியான்னா அதைப் போட்டாதானே எல்லாரும் பார்ப்பாங்க?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். கத்தி போட்டால் பார்ப்பார்கள், தெரியும். லுங்கி, கழுத்தில் கர்சீப், கையில் கத்தி, வாயில் நாலு கெட்ட வார்த்தை, இதை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம், ராயபுரத்துக்கு ஒரு தடவைகூட வராதவர்கூட வரையலாம். அதனால்தான் நான் வரைவதில்லை. கத்தியைப் பார்த்த கண் படத்தில் வேறு எதையும் பார்க்காது. அந்த ஆள் எங்கே வேலை செய்கிறார், எதற்குக் கவலைப்படுகிறார், எதற்குச் சிரிப்பார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலைக்கு இன்டர்வியூ போகிற இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு நொடி நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்களே, அது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்த பார்வை. அந்தப் பார்வையை வளர்த்ததில் படம் வரைகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நான் அதற்குக் கோடு போட்டுத் தர மாட்டேன்.

அடிதடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, செய்தித்தாள் அதை எழுதுகிறது. ஆனால் இதே தெருக்களிலிருந்துதான் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலகச் சாம்பியன் ஆனார், கேரமுக்காக அர்ஜுனா விருதும் வாங்கினார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். உங்கள் வியாசர்பாடியிலேயே சாயங்காலம் பந்து உதைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர். இவ்வளவு இருக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே கத்தியை வரைவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணி லாரி பின்னால் குடத்தோடு ஓடுகிற அம்மாவைப் பார்த்து நான் சிரிக்க வைக்க மாட்டேன். லாரி எப்போது வரும் என்று கேட்டால் காலண்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிற அதிகாரியைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம்.

பெரம்பூரிலிருந்து: என்ன பேப்பர், என்ன பேனா? விலை அதிகமா?

அதிகமில்லை. கார்ட்ரிட்ஜ் ஷீட், தொட்டு எழுதுகிற நிப், தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு இங்க், 2-ஆம் நம்பர் பிரஷ் ஒன்று. பேப்பரைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்குங்கள், தெரு முழுக்கப் பேப்பர் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும்தான். முழு ஷீட்டாக வாங்கி வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொண்டால் மலிவு. கடலோரம் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், இங்கே காற்றில் ஈரம் அதிகம், பேப்பர் சுருளும், இங்க் காயத் தாமதமாகும். பேப்பரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மெத்தைக்கு அடியில் வையுங்கள், பென்சில் கோட்டை அழிக்க மறுநாள் வரை பொறுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்புக் கோட்டுப் படத்துக்கு 600 டிபிஐ வையுங்கள், வண்ணத்துக்கு 300 போதும்.

மணலியிலிருந்து: மொபைல்லயே வரையலாமா?

வரையலாம். ஐபிஸ் பெயின்ட் இலவசமாகவே கிடைக்கிறது, விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா, அதுவும் காசில்லை. அச்சுக்குப் போகிற படமாக இருந்தால் மட்டும் முதலிலேயே பெரிய அளவில் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள், சின்னதாக வரைந்து பின்னால் பெரிதாக்கினால் கோடு பல்லிளிக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: ஃபோட்டோஷாப்பில் தமிழ் டைப் பண்ணினா கொம்பும் காலும் தனித்தனியா நிக்குது. என்ன செய்யறது?

பழைய ஃபோட்டோஷாப்பாக இருந்தால் செட்டிங்கில் டைப் என்ற பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை உலக மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு, புதிய பக்கம் திறந்து டைப் செய்து பாருங்கள், சரியாகிவிடும். ஆனால் நான் கையால்தான் எழுதுகிறேன். கோபமாகப் பேசுகிறவர் எழுத்துக்கும் கொஞ்சுகிறவர் எழுத்துக்கும் வித்தியாசம் காட்டக் கையெழுத்தில் முடிகிற அளவுக்கு வேறெதிலும் முடியவில்லை. ஒரு விஷயம் மட்டும்: முதலில் வசனத்தை எழுதுங்கள், அப்புறம் அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், பலூனை முதலில் போட்டால் கடைசி வரி நசுங்கும்.

எண்ணூரிலிருந்து ஒரு அண்ணன்: எங்க ஊர்ல எண்ணெய் வந்தப்ப நாங்க அழுதோம்மா. நீ அதை வெச்சு ஜோக் போட்டிருக்கே. முதல்ல கோபம் வந்துச்சு, படத்தைப் பார்த்தப்புறம் போயிடுச்சு. ஆனாலும் கேக்கறேன், இதுல எதுக்கு நகைச்சுவை?

கேட்டதற்கு நன்றி அண்ணே, நீங்கள் கோபப்பட்டது நியாயம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. கூழைக்கடா பறவைகள் இறக்கையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

என் படத்தில் நிவாரண கவுன்ட்டர் ஒன்று. வரிசையில் முதலில் ஒரு கூழைக்கடா, கழுத்திலிருந்து கால் வரை எண்ணெய் சொட்டுகிறது, தரையில் குளம் கட்டி நிற்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எண்ணெய் பட்டதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறார். மீன்பிடிக்கிற யாரையும் அதில் நான் வரையவில்லை, வேண்டுமென்றேதான் வரையவில்லை. நஷ்டப்பட்டவர் முகத்தைச் சிரிப்புப் படத்துக்குள் எப்படி வைத்தாலும் அவரை யாராவது ஒருவர் கேலியாகப் பார்ப்பார். பறவையை வைத்தால் அந்த ஆபத்து இல்லை, கேள்வி கேட்கிறவரின் முகம் மட்டும் நன்றாகத் தெரியும்.

எதற்கு நகைச்சுவை என்றால், நீளமான அறிக்கையைப் படிக்காதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படியா கேட்டாங்க?" என்று விசாரித்தார். விசாரிக்க வைப்பதுதான் எனக்கு வேண்டும்.

புளியந்தோப்பிலிருந்து: அரசியல் கார்ட்டூன் போட்டா கைது பண்ணுவாங்களா? பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். 1987-ல் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியன் சட்டமன்றத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். ஒரே ஒரு ஜோக். நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, சில நாட்களில் விடுதலையானார். நமக்குப் பக்கத்திலேயே, 1906-ல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் கேலிச்சித்திரம் போட்டபோது வெள்ளைக்காரன் ஆட்சி. அவர் பயந்து நிறுத்தவில்லை, புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்தார்.

இணையத்தில் எழுதியதற்கும் வரைந்ததற்கும் ஆட்களைப் பிடிக்கப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வேறு பிரிவுகள் இருக்கின்றன, அதனால் நான் வைத்திருக்கிற ஒழுங்கைச் சொல்கிறேன்: ஒருவர் செய்த காரியத்தை வரைவேன், அவர் சாதி, மதம், உடம்பு, வீட்டுப் பெண்கள் இவற்றைத் தொட மாட்டேன். இது சட்டத்துக்குப் பயந்து வைத்ததில்லை. இவற்றைத் தொடுகிற ஜோக் பெரும்பாலும் நல்ல ஜோக்காகவும் இருப்பதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து: நான் வரைஞ்ச படத்தை ஒரு கடைக்காரர் கேக்காமலே கட்டப்பையில அச்சடிச்சுட்டார். என்ன செய்யலாம்?

முதலில் இரண்டு பையை வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள், அசல் படத்தையும் தேதி தெரிகிற ஃபைலையும் எடுத்து வையுங்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி நீங்கள் சொந்தமாக வரைந்தது வரைந்த உடனேயே உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்கப்புறம் 60 வருடமும் நிற்கும். "நெட்டுல கிடந்துச்சு" என்பது ஒரு பதிலே இல்லை.

ஆனால் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். நம்ம பக்கத்துக் கடைக்காரர்களில் பலருக்கு இது தப்பு என்றே தெரியாது, படத்தைக் கொடுத்தது அச்சகமாக இருக்கும். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், எழுத்தில் ஒரு தொகை கேளுங்கள், ஒத்துவரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். இனிமேல் யாருக்காவது படம் விற்றால் எதற்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இது நமக்குச் சாதகமான பிரிவு, வரைகிற பலருக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. எந்த நோட்டைத் திறந்தாலும் பின்பக்கம் பூரா டீச்சர் படம். இதுல சோறு கிடைக்குமாம்மா?

கிடைக்கும் அம்மா, ஆனால் கார்ட்டூன் மட்டும் போட்டால் கஷ்டம், மறைக்காமல் சொல்கிறேன். பத்திரிகைகளில் கார்ட்டூனுக்கு என்று இருக்கிற வேலை ரொம்பக் குறைவு. அதே கையால் சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, குழந்தைகள் புத்தகம், பாடப் புத்தகம், விளம்பரம், அனிமேஷன் எல்லாம் செய்யலாம், நான் சாப்பிடுவது அதில்தான். எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-லிருந்து நடக்கிறது, பிளஸ் டூ முடித்ததும் சேரலாம், வரைந்து காட்டச் சொல்வார்கள். அரசுக் கட்டணம்தான், பயப்படாதீர்கள்.

நோட்டின் பின்பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தனியாக ஒரு கோடு போடாத நோட்டு வாங்கிக் கொடுங்கள், டீச்சரோடு நிறுத்தாமல் மார்க்கெட், ரேஷன் கடை, பஸ் என்று ஆட்களை வரையச் சொல்லுங்கள். எட்டாவதில் ஆளைப் பார்த்து வரைகிற பிள்ளை கெட்டுப்போகாது. கணக்கில் மார்க் குறைந்தால் அதற்கு டியூஷன் வையுங்கள், படத்தின் மேல் பழி போடாதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து: காலண்டர் எப்போ வரும்? நாங்க ஏதாவது செய்யணுமா?

டிசம்பர் முதல் வாரத்தில். மாதத்துக்கு ஒரு தாள், சுவரில் மாட்டுகிற அளவு, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் இருக்கும், அது இல்லாமல் எங்கள் வீட்டிலேயே மாட்ட விட மாட்டார்கள். பத்து மாதப் படம் முடிந்தது. மே மாதத்துக்குத் தெரு விளையாட்டு வேண்டும், உங்கள் தெருவில் மட்டும் ஆடுகிற ஆட்டம் ஏதாவது இருந்தால் அதன் விதிகளையும், யார் எப்போதும் ஏமாற்றுவார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அக்டோபருக்கு மழை. தண்ணீர் தேங்கிய தெருவில் உங்கள் வீட்டு ஆட்கள் வண்டியை எதன் மேல் ஏற்றி வைப்பார்கள் என்று ஒரு போட்டோ இருந்தாலும் போதும், முகம் தெரிய வேண்டாம்.